வாப்பாவின் இடது கண்ணும் உனக்குரிய ஊசியும்

மகன்,

ஸலாம். பதில் ஸலாத்தை இதை வாசித்து முடித்த பிறகு சொன்னால் போதும். இடையில் போனை எடுத்து என்னோடு வாதாட வராதே. வாதாடுவாய் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். வட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு பெருவிரலைக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். குரலைப் பதிந்து அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று மருமகள் சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது.

போன வெள்ளிக்கிழமை நீ தோஹாவிலிருந்து கதைத்தபோது, வருகிற மாதம் உனக்கு ஐம்பது வயதாகிறது, அக்கி வராமல் காக்கும் ஊசியைப் போட்டுக்கொள் என்று சொன்னேன். நீ சிரித்தாய். "நான் நல்லாத்தானே இரிக்கன் உம்மா, பிறகு பாப்பம்" என்றாய். நான் விடவில்லை. அப்போது உன் குரல் மாறியது. "டொக்டர்மார நம்பித்தானே வாப்பாட கண் போன? அவங்க கெதியாப் பாத்திருந்தா இப்பிடி ஆகியிருக்குமா?" என்று கேட்டாய். அடுப்பில் தேநீர் கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை. உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. நாலு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் ஒளித்து எழுதவில்லை. என் வயதுப் பெண்கள் யார் கேட்டாலும் வாசித்துக் காட்டுவேன். எனக்கு நேர்ந்த பிழை இன்னொருத்திக்கு நேரக்கூடாது.

முப்பத்து நாலு வருடம் நான் மருத்துவிச்சியாக வேலை செய்தேன். கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் நான் கால் வைக்காத வீட்டு வளவு குறைவு. ஊசிக்குப் பயந்த பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் பெரிய பயந்தாங்கொள்ளி நீதான். நீ முதலாம் வகுப்பில் இருந்தபோது நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தோம். நீ யன்னலால் குதித்துத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அதிபர் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் இரிக்காங்க மிஸ், உங்கட மகனத்தான் காணல்ல" என்றார். உன்னைத் தேடிப் பிடித்து, கையை அமர்த்தி, நானே போட்டேன். அன்று முழுக்க நீ என்னோடு கதைக்கவில்லை. வாப்பாதான் ஐஸ்பழம் வாங்கித் தந்து உன்னைச் சமாதானப்படுத்தினார். பிள்ளைகளின் ஊசி அட்டை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எத்தனையாவது மாதத்தில் எது, எந்தத் தொடையில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் வயது போனவர்களுக்கும் ஊசி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அக்கியைப் பற்றித் தெரிந்ததும் கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம் இருந்தது. அதுதான் முதல் பிழை.

கொரோனா வந்த வருடத்தின் மாரிகாலம் உனக்கு நினைவிருக்கும். விமான நிலையம் மூடிக்கிடந்தது, நீ அங்கே, நாங்கள் இங்கே. வாப்பா சவளக்கடை வயலுக்கு மட்டும் போய்வருவார். ஒரு நாள் வந்து ஹெல்மட்டைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தார். இடது நெற்றியில் ஹெல்மட் அமர்த்திவிட்டது என்றார். மறுநாள் தலை வார முடியவில்லை. தொப்பி வைக்க முடியவில்லை. "கொதி தண்ணி ஊத்தின மாதிரி எரியிது புள்ள, ஆனா பாத்தா ஒண்டையும் காணல்ல" என்றார். மூன்றாம் நாள் காலையில் கொப்புளங்கள் வந்துவிட்டன. மயிர் தொடங்கும் இடத்திலிருந்து இடது புருவம் வரை, நெற்றியின் நடுவில் கோடு போட்டாற்போல அந்தப் பக்கம் மட்டும். பார்த்தவுடன் அக்கி என்று அறிந்துகொண்டேன். பெண்களின் இடுப்பிலும் விலாவிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று கிழமையில் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பதுதான் என் கணக்கு. பக்கத்து வீட்டு ராத்தா பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து தந்தார். ஓதிய தண்ணீரால் எந்தக் குறையும் வரவில்லை, மகன். நான் காத்திருந்ததால்தான் வந்தது.

ஏன் காத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்க அரசாங்கம் விடவில்லை, எரித்தார்கள். நம் ஊரில் காய்ச்சல் கண்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். இருமல் வந்தால் தலையணையில் வாயை அமர்த்திக்கொண்டு இருமினார்கள். மூன்றாம் நாள், "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"போனா முதல்ல மூக்குக்குள்ள குச்சிய விடுவாங்க" என்றார் வாப்பா. "கொரோனா வருத்தம் இரிக்கி எண்டு சொன்னா எங்கயோ கொண்டு போவாங்க. அங்க மௌத்தானா எனக்குக் கபுறும் இல்ல, ஜனாஸாத் தொழுகையும் இல்ல. வேணா புள்ள. எரிவ நான் தாங்கிக்கிறன்."

நான் சரி என்றேன். வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுத்த எத்தனை புருசன்மாரோடு வாசலில் நின்று சண்டை பிடித்தவள் நான். இண்டைக்கே கொண்டு போங்க என்று அதட்டி, ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவேன். என் வீட்டில் அந்த வாய் திறக்கவில்லை. அவருக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. அவரை இழக்கப் பயந்ததைவிட, அவருடைய மையத்தை, உயிர் போன உடலை, கையில் தராமல் விட்டுவிடுவார்களோ என்று அதிகம் பயந்தேன்.

ஐந்தாம் நாள் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்தது. மிளகளவுதான். நான் அதற்கும் களிம்பு பூசினேன். மறுநாள் இடது கண் சிவந்து, இமை வீங்கி, மூடிக்கொண்டது. அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு நீ அங்கிருந்து போன் எடுத்தாய். "வாப்பாக்கிட்டக் குடுங்க உம்மா" என்றாய். "அவர் தொழுதிட்டுத் தூங்குறார் மகன்" என்றேன். அவர் தூங்கவில்லை. கண்ணில் ஈரத்துணியோடு என் பக்கத்தில்தான் இருந்தார். சொல்லாதே என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்கும் சுகம்தானே?" என்று கேட்டாய். "ஓம், அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அன்று நீ உண்மை அறிந்திருந்தால் தோஹாவிலிருந்தே யாரையாவது பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

ஏழாம் நாள் தம்பிராசா அண்ணன் வந்தார். வாப்பாவின் வயலுக்கு அடுத்த வயல்காரர், வாப்பாவைப் போடியார் என்றே கூப்பிடுபவர், உனக்குத் தெரியும். மழையில் வயல் நிரம்பி நிற்க, வரம்பில் தண்ணீர் விடும் வக்கடையை வெட்டிவிட ஒருவரும் வராததைக் கண்டு, தானே வெட்டிவிட்டு, ஏன் போடியாரைக் காணவில்லை என்று கேட்கச் சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்திருந்தார். முகக்கவசத்தோடு படலைக்கு வெளியே நின்றார். வாப்பா முன் விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்ததும் அவர் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுக் கிட்ட வந்து பார்த்தார்.

"போடியார், உங்கட மாட்டுக்குக் கண் இப்பிடிச் சிவந்தா என்ன செய்வீங்க?"

வாப்பா ஈரத்துணியால் கண்ணை மறைத்தார்.

"அண்டைக்கே மாட்டு டொக்டரக் கூட்டி வருவீங்க. நான் கண்டிருக்கன். உங்கட கண்ணுக்கு ஏன் ஒருத்தரையும் கூப்பிடல்ல?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீங்க படிச்ச ஆள். இதப் பாத்திட்டா இரிக்கீங்க?" என்று கேட்டார்.

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். நான் உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு, வாப்பாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். வாப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. "எரிச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி. தம்பிராசா அண்ணன்தான் பதில் சொன்னார்: "முதல்ல உசிரோட இரிக்கப் பாருங்க போடியார். மத்ததுக்குப் பிறகு சண்டை பிடிப்பம், நானும் வாறன்." ஆட்டோவை அவரே மறித்தார். நாங்கள் ஏறிப் போகும்வரை வீதியில் நின்றார்.

இனி நான் எழுதுவதைக் கவனமாக வாசி. ஆஸ்பத்திரியில் எங்களை யாரும் காத்திருக்க வைக்கவில்லை. வாசலிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கொரோனா இல்லை என்றார்கள். போய் அரை மணித்தியாலத்துக்குள் கண் டொக்டர் பார்த்தார். வாப்பாவின் மூக்கு நுனியைத்தான் முதலில் பார்த்தார். எத்தனை நாள் என்று கேட்டார். ஏழு என்றேன். அவருடைய பேனா அப்படியே நின்றது. "கொப்புளம் கண்டு மூண்டு நாளைக்குள்ள குளிசை தொடங்கினா நல்லாக் கேட்கும் உம்மா. மூக்கு நுனியில வந்தா கண்ணுக்கும் போக இடமிரிக்கி, உடனே காட்ட வேணும். சரி, இனி ஏலுமானதச் செய்வம்" என்றார். நான் என்ன வேலை செய்தவள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளுக்கு ஐந்து முறை குளிசை, மணிக்கொரு முறை கண்ணுக்கு மருந்து. அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள்.

பிறகு நீ விசயம் அறிந்து அழுதுகொண்டு கேட்டபோது, "கொரோனா எண்டு டொக்டர்மார் பிந்திட்டாங்க மகன்" என்று நான் சொன்னேன். வாய்க்கு வந்த ஒரு வசனம். அதைச் சொன்னவுடன் நீ என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டு அவர்களைத் திட்டத் தொடங்கினாய். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இத்தனை வருடமாக நீ அந்த வசனத்தை நம்பிக்கொண்டிருக்கிறாய். அதன் பேரில் இப்போது உன் ஊசியையும் வேண்டாம் என்கிறாய். பிந்தியது டொக்டர்மார் அல்ல, நான். இதை உனக்குச் சொல்லாமல் நான் மௌத்தாகக்கூடாது என்று நினைத்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

கொப்புளங்கள் மூன்று கிழமையில் காய்ந்தன. கண்ணின் கருமணியில் தழும்பு விழுந்துவிட்டது. இடது பக்கத்தில் அவருக்கு நிழல் மட்டும்தான். மோட்டார் சைக்கிளை விட்டார். தேநீரை ஊற்றினால் கோப்பைக்கு அரை அங்குலம் தள்ளி ஊற்றுவார். நான் பார்க்காதது போல மேசையைத் துடைப்பேன். ஆனால் கண்ணைவிடக் கொடுமை வலிதான். தோல் ஆறிய பிறகும் நரம்பு ஆறவில்லை. மின்விசிறிக் காற்றுப் பட்டால் துடிப்பார். ஒரு மயிர் நெற்றியில் விழுந்தால் துடிப்பார். ஸஜதா செய்ய முடியவில்லை. எழுபது வயதைக் கடந்த மனிதர், பதின்மூன்று வயதிலிருந்து தொழுகை விடாதவர், நெற்றியை நிலத்தில் வைக்க முடியாமல் கதிரையில் இருந்து தலையைக் குனிந்து தொழுதார். அப்படித் தொழுவதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று எத்தனை பேர் சொன்னாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. பள்ளிவாசலுக்குப் போவதைக் குறைத்தார். முன் வரிசையில் நின்ற ஆள் கதிரையோடு ஓரத்தில் ஒதுங்குவது அவருக்கு மானப் பிரச்சினை. நரம்புக்கென்று தந்த குளிசை தலையைச் சுற்றவைத்தது. கொஞ்சம் வலியைக் குறைத்தது.

ஏறக்குறைய இரண்டு வருடம் போனது. ஒரு நாள் அஸர் தொழுகை நேரம், நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தால் கதிரை வெறுமையாக இருந்தது. அவர் பாயில் ஸஜதாவில் கிடந்தார். நெடுநேரம் எழும்பவில்லை. மயங்கிவிட்டாரோ என்று ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பினார். நெற்றியில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. "குத்தல்ல புள்ள" என்றார். "கொஞ்சம் எரியிது. ஆனா குத்தல்ல." நாங்கள் இருவரும் அந்தப் பாயிலேயே இருந்து அழுதோம். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் என் முன்னால் அழுதது தன் வாப்பா, உன் மூத்தவாப்பா, மௌத்தான அன்றும் அந்த அஸரிலும்தான்.

அதற்குப் பிறகுதான் உன்னிடம் மூன்று மாத விசாவில் வந்தோம். வாப்பாவின் நரம்புக் குளிசையைக் காட்டப் போன இடத்தில், அந்த டொக்டர் தழும்பைப் பார்த்துவிட்டு ஊசியைப் பற்றிச் சொன்னார். நான் அவரை விடவில்லை, எல்லாவற்றையும் கேட்டேன். சின்ன வயதில் கொப்பளிப்பான் என்கிற சின்னம்மை வந்த எல்லோருடைய உடம்பிலும் அந்தக் கிருமி நரம்பின் அடியில் படுத்துக் கிடக்கிறது. வயது போக, உடம்பின் காவல் தளரும்போது, அது ஒரு நரம்பு வழியாக எழும்பி வருவதுதான் அக்கி. ஒரு முறை வந்தவர்களுக்குத் திரும்பவும் வரலாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு இரண்டு ஊசி, இடையில் இரண்டு மாதமாவது விட வேண்டும். அதில் உயிருள்ள கிருமி இல்லை. பழைய வலிக்கு அது மருந்தல்ல. போட்டவர்களில் ஒருவருக்கும் வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலானவர்களைக் காக்கும், வந்தாலும் வேகம் குறையும் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேல் அல்ல. இத்தனை வருடம் ஊசிப் பெட்டியோடு திரிந்தவளுக்கு இது ஏன் எட்டவில்லை என்று.

எங்கள் இருவருக்கும் ஊசி போட்டது கேரளத்து நர்ஸ். வாப்பா சட்டைக் கையைச் சுருட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "பேடிக்கண்டா வாப்பா" என்று, பயப்பட வேண்டாம் என்பதை மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். நான் அவளுடைய கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். குப்பியின் திகதியைப் பார்த்தாள், பொடியையும் நீரையும் கலந்தாள், துடைத்த இடம் காயும்வரை பொறுத்தாள், சரியான தசையில் சரியான ஆழத்தில் இறக்கினாள். "நல்ல கை" என்றேன். "உம்மா நர்ஸா?" என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். அன்று பின்னேரம் இருவருக்கும் கை வலித்தது. எனக்கு மறுநாள் காய்ச்சலும் உடம்பு உளைவும், அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. இரண்டாவது ஊசியை ஊருக்கு வரும் கிழமையில் போட்டோம். எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் நீதான். "உங்களுக்கு எத்தனை வயது?" என்று டொக்டர் உன்னைக் கேட்டார். நாற்பத்தெட்டு என்றாய். "இன்னும் இரண்டு வருடம் இருக்கு" என்றார். நீ தப்பிவிட்டேன் என்பது போல என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

அந்த இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உனக்கு ஏழு வயதில் கொப்பளிப்பான் வந்தது. உடம்பில் விரல் வைக்க இடமில்லாமல் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாய், நான்தான் பார்த்தேன். உனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. அது உடம்பின் காவலைத் தளர்த்தும். நீ நல்லாத்தான் இருக்கிறாய், ஓம். வாப்பாவும் ஹெல்மட்டைக் கழற்றிய அந்த நாளின் காலைவரை நல்லாத்தான் இருந்தார். உன் டொக்டரிடம் உன் சீனியையும், குடிக்கிற குளிசைகளையும் சொல்லிக் கேள். அவர் போடலாம் என்றால் போடு. எப்போதாவது உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் காரணமில்லாமல் எரிந்து, பிறகு கொப்புளம் கண்டால், ஊசி போட்டிருந்தாலும் சரி, அன்றைக்கே போய்க் காட்டு. என்னிடம் கேட்காதே. நான் காய்ந்துபோகும் என்று சொல்லக்கூடியவள்.

இதுவரை எழுதியதை இன்று காலை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய கண்ணீரை உனக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. முடிந்ததும் நெற்றித் தழும்பைத் தடவினார். "உன்ட தலையில மட்டும் போட்டு எழுதியிருக்கிறாய்" என்றார். "போக மாட்டன் எண்டது நான். அவனுக்குச் சொல்லாத எண்டு கையக் காட்டினதும் நான். பிழை எனக்கும்தான் எண்டு எழுது. பயந்தது ரெண்டு பேரும்தான்." எழுதிவிட்டேன். "வேற என்ன எழுத?" என்று கேட்டேன். வலது கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவன் இதையெல்லாம் வாசிச்சிப்போட்டும் பிறகு பாப்பம் எண்டுதான் சொல்லுவான். நீ சும்மா கடிதம் எழுதிக்கிட்டு இரிக்கிற ஆளா?" என்றார்.

அவருக்கு என்னைத் தெரியும். நேற்றே மருமகளோடு கதைத்து உன் டொக்டரிடம் நேரம் எடுத்துவிட்டோம். உனக்கு ஐம்பது ஆகி மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. அங்கே ஞாயிறு வேலை நாள், உன் வேலை நாலு மணிக்கு முடிகிறது என்றும் விசாரித்துக்கொண்டேன். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போ.

உன் உம்மா